உஷ் சாரும் நூலகக் களையெடுப்பும்

நீதிக்காகத் தான் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்ட மன்னர் உண்டு. அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தகுதி இன்று ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். வாயைத் திறந்தாலே 'உஷ்' என்பதால் மாணவர்களுக்கு அவர் உஷ் சார். அண்மையில் ஒரு பயிற்சி முகாமில் அவருக்குத் 'தொழில் விழுமியங்கள்' வழங்கப்பட்டன. கூடவே ஒரு தோள்பையும். "விழுமியம்னா என்ன சார், கீழ விழுந்ததா?" என்று கேட்ட உதவியாளரை அவர் மன்னித்தார். சகிப்புத்தன்மையும் அந்தப் பைக்குள் இருந்தது.

வந்த சூட்டோடு புத்தகக் களையெடுப்பைத் தொடங்கினார். தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அதற்குள் 'கூடிச் சிந்திக்கும் வளாகம்' வேண்டும் என்பது துணைவேந்தரின் கட்டளை. வளாகம் என்றால் நாலு சோபா, ஒரு காபி இயந்திரம். அதற்கு இடம் வேண்டுமே! இரவல் போன புத்தகமும், வாசகர் படித்துவிட்டு மேசையில் விட்டுப்போன புத்தகமும் கணினியில் கணக்கேறும். மற்றதெல்லாம் 'பயன்பாடு பூஜ்யம்', அதாவது களை. லாரி லாரியாகப் போனது.

"இப்பத்தான்யா நூலகத்துக்கே ஒரு களை வந்திருக்கு!" என்றார் துணைவேந்தர்.

"போனதும் களைதான் சார்," என்றார் உஷ் சார் பணிவாக.

சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதற்குள் அவருடைய அக்கா மகள் ஓடிவந்தாள். ஆராய்ச்சி மாணவி. பழைய வெள்ளங்களைப் பற்றி எவரோ ஒரு பொறியாளர் எழுதிய ஒரே நூலை நம்பி ஆய்வேடு எழுதியவள்.

"மாமா, அந்த வெள்ளப் புத்தகம் எங்க? தேர்வாளர் நெட்ல தேடினாராம், இல்லையாம். நானே கட்டிவிட்ட கதைங்கிறார். பக்கத்தைக் காட்டலேன்னா பட்டம் கிடையாது."

"இங்க மாமா கிடையாது. தலைமை நூலகர்."

"சரி, தலைமை நூலகர் மாமா, புத்தகம் எங்க?"

கணினியைத் தட்டினார். "பயன்பாடு பூஜ்யம். களையெடுத்தாச்சு."

"பூஜ்யமா? இரவல் கிடையாதுன்னீங்கன்னுதானே ரெண்டு வருஷமா இங்கயே உட்கார்ந்து படிச்சேன்!"

"படிச்சுட்டு மேசையில விட்டுட்டுப் போனியா?"

"எடுத்த இடத்துலயே ஒழுங்கா வச்சுட்டுத்தான் போவேன்."

"கெடுத்தியே காரியத்தை! 'மேசையிலேயே விட்டுச் செல்லவும்'னு அவ்வளவு பெருசா எழுதிப் போட்டிருக்கேன். ஆளாளுக்கு ஒழுங்கா இருந்தா கணக்கு எப்படிம்மா ஏறும்?"

அந்தப் புத்தகத்தோடு அவளை மூலை மேசையில் அவர் பார்க்காத நாளில்லை.

"நான் படிச்சதைப் பார்த்தீங்கல்ல? அதையாவது எழுதிக் குடுங்க மாமா."

"வாசகர் என்ன படிச்சார்ங்கிறது அந்தரங்கம். வெளிய சொல்லக் கூடாது."

"அது என்னோட அந்தரங்கம். நான்தானே கேக்கறேன்!"

"உஷ்," என்றார் அவர்.

பல்கலைக்கழகம் முறைப்படி அவரிடமே விளக்கம் கேட்டது. உண்மை என்னும் விழுமியத்தை நெஞ்சில் நிறுத்தி, 'அத்தகைய நூல் எதுவும் இந்நூலகத்தில் இல்லை' என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். 'இருந்தது' என்று எழுதினால் 'எங்கே போனது' என்பார்கள். சோபா வந்திறங்கிய நேரத்தில் அந்த வம்பு எதற்கு? பட்டம் நின்றது. அவள் படிப்பையே விட்டாள். அக்கா இப்போதெல்லாம் அவர் போனை எடுப்பதில்லை. அதைச் சொன்னால் கண் கலங்கும் அளவுக்கு நல்ல மனிதர்தான்.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது. சோபாவில் சாய்ந்து, கூடி, காபி குடித்தது.

"இவ்வளவு புத்தகம் கழிச்சிருக்கீங்களே, பாதிக்கப்பட்ட வாசகர் யாராவது உண்டா?" என்றார் குழுத் தலைவர்.

உஷ் சார் வாசகர் பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வாசகர்கள்ல ஒருத்தர்கூட இல்லைங்க."

மனிதர் அப்போதும் பொய் சொல்லவில்லை. படிப்பை விட்டவளின் பெயரை முந்தின நாளே தன் கையால் நீக்கியிருந்தார்.