சம்பந்தி போட்ட ஓட்டை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் உட்பட அனைவரும் உடலளவில் நலம். அங்கு தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லை என்று தகவல் வந்தால் வருந்தவும் தயாராக இருக்கிறேன். கோர்ட்டில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள்.

தங்கள் மனைவி காலமான பிறகு தாங்கள் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தங்கள் மகள், அதாவது என் மருமகள், தங்களை இங்கே அழைத்து வந்தாள். நான் மறுப்பேதும் சொல்லவில்லை. என் பழைய கோர்ட்டுக் காகிதக் கட்டுகளை எல்லாம் அகற்றி மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்க லேத் பட்டறை நடத்திய கை சும்மா இருக்காது என்று ஒருவரும் என்னை எச்சரிக்கவில்லை. வந்த வாரமே கேட் கீச்சிடுவது நின்றது, குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது, இத்தனை வருஷமாக நான் தோளால் இடித்துத் திறந்துவந்த பின்கதவு ஒரு விரலால் தள்ளினாலே திறந்தது. அது தெரியாமல் வழக்கம்போல் இடித்ததில் நான் கதவோடு போய்த் துவைக்கிற கல்லருகே விழுந்தேன். அதைக்கூட நான் குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை. என் புகார் வண்டியைப் பற்றியது.

மேற்படி வண்டி என் பழைய கார். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் கூடு, டிஃபரென்ஷியல் என்பார்கள், அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். எண்ணெய் ஊற்ற மேலே துளை உண்டு; வடிக்க அடியில் துளை கிடையாது. ஆகவே எண்ணெய் மாற்றும்போதெல்லாம் நான் மல்லாந்து படுத்து, மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடி விலகும் கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சரியான கணத்தில் ஒருநாளும் திருப்பியதில்லை. அது எனக்கும் வண்டிக்கும் இடையே உள்ள ஏற்பாடு. அதைத்தான் தாங்கள் காபியோடு குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள். “இதென்ன குளியல் சம்பந்தி? எஞ்சினுக்கு அடியில திருகு வச்சவன் இதுக்கு ஏன் வைக்கல? ஒரு ஓட்டை, ஒரு நட்டு, ஒரு போல்ட். கழட்டினா தன்னால வடியப்போகுது” என்றீர்கள். செய்த கம்பெனிக்காரன் யோசிக்காமலா விட்டிருப்பான் என்று நான் கேட்டதற்கு, அந்தக் கம்பெனிக்காரனைப் பற்றித் தாங்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. இது குடும்பக் கடிதம். கடைசியில் நான் “பார்க்கலாம்” என்று சொன்னேன். கோர்ட்டில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று பொருள். பட்டறையில் அதற்குச் சம்மதம் என்று பொருள் போலிருக்கிறது. மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வண்டி முட்டுக்கட்டைமேல் நிற்கிறது, மூடி தங்கள் மடியில் கிடக்கிறது, மூடியில் ஓர் ஓட்டை, ஓட்டை வழியாகத் தாங்கள் என்னைப் பார்க்கிறீர்கள்.

உட்பக்கமாகப் பற்றவைத்த நட்டில் பல்சக்கரம் உரசி, வண்டி மாவு மிஷின் போல அரைத்துக்கொண்டே தெருமுனைவரை போனதும், சன்னல் சன்னலாகத் தலைகள் முளைத்ததும் தாங்கள் அறிந்ததே. “நல்லதாப் போச்சு, எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு” என்று தாங்கள் மட்டும் சந்தோஷப்பட்டீர்கள். பிறகு நட்டை வெளிப்பக்கம் மாற்றி வைத்தீர்கள். அப்புறம் திருகைக் கழற்றியபோது பழைய எண்ணெய் நூல் பிடித்தாற்போலத் தட்டில் இறங்கியது, என் சட்டையில் ஒரு சொட்டு இல்லை. இதை நான் மறைக்கவில்லை. எதிர்த்தரப்புக்குச் சாதகமான சாட்சியத்தையும் பதிவு செய்வது என் பழக்கம். அப்போது தாங்கள் வாய்விட்டுச் சிரித்ததையும், சமையலறையிலிருந்து தங்கள் மகள் ஓடிவந்து வாசலில் நின்று தங்களையே பார்த்ததையும் பதிவு செய்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. விட்டீர்களா? கியர்பாக்ஸைப் பிடித்தீர்கள். தானாகக் கியர் மாறும் வண்டி, அடியில் அது நகர்வதற்கே வேண்டிய எண்ணெய் நிற்கும் தகரத் தட்டு, அதிலும் வடிக்கத் திருகு இல்லை. இருக்கக்கூடாதா என்று தட்டைக் கழற்றி ஓட்டை போட்டு நட்டைப் பற்றவைத்தீர்கள். சூட்டில் தட்டு கோணிக்கொண்டது. கோணியதைத் தட்டி நிமிர்த்தினீர்கள். நிமிர்த்தியது சொட்டியது. வாசலில் அட்டை விரித்தோம். அந்தத் திருகு முளைவிட்ட மாதிரி கீழே நீட்டிக்கொண்டிருப்பதை நான்தான் முதலில் சுட்டிக்காட்டினேன். தரைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி இருக்கிறதே என்றீர்கள். ரோட்டில் வேகத்தடை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். மெதுவாக ஓட்டுங்கள் என்றீர்கள். முப்பது வருஷமாக மெதுவாக ஓட்டுகிறவனிடம் இது சொல்ல வேண்டிய பேச்சா?

இப்போது சம்பவ நாளுக்கு வருகிறேன். தாங்கள் தங்கச்சி என்று வாய் நிறைய அழைக்கும் என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் அன்று பிரிவு உபசாரம். தலைமை நர்ஸாக இருந்தவள், டாக்டர்களே அவள் வந்தால் எழுந்து நிற்பார்கள் என்று கேள்வி; நான் பார்த்ததில்லை, அன்றுதான் பார்ப்பதாக இருந்தேன். புதுப் புடவையில் அவள் முன்னால், தாங்களும் மருமகளும் பின்னால், சக நர்ஸுகளுக்கு வாங்கிய பரிசுப் பெட்டிகள் எல்லார் மடியிலும். பாரத்தில் நாலு விரல் இரண்டு விரலாகிவிட்டது போலும். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வேகத்தடையில் டங் என்று ஒரு சத்தம். அதன்பின் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. நமக்குப் பின்னால், நம்மை வாழ்த்தவே கிளம்பி வந்த பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியார், சிந்திய எண்ணெயில் ஸ்கூட்டரோடு வழுக்கிக்கொண்டு வந்து என் கதவருகே நின்றார், படுத்தபடி.

தாங்கள் இறங்கினீர்கள். வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தீர்கள். திருகு பிய்ந்துபோன ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முழங்கைவரை எண்ணெய் வழிய, “ஒண்ணும் ஆகல தங்கச்சி, ஒரு நிமிஷம்” என்று குரல் கொடுத்தீர்கள். ஊர் கூடிவிட்டது. அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“உங்க வீட்ல ஆளில்லன்னா எங்க வீட்ல வந்துதான் ஓட்டை போடணுமா?”

தாங்கள் வெளியே வந்தீர்கள். கையைத் தங்கள் சட்டையிலேயே துடைத்துக்கொண்டீர்கள். “சரிதான் சம்பந்தி” என்றீர்கள். அவ்வளவுதான். சண்டைக்காவது வந்திருக்கலாம். எதிர்த்துப் பேசாத மனுஷனை நான் எப்படி ஜெயிப்பது? மனைவியும் மருமகளும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்தே போய்விட்டார்கள். வண்டிக்குக் காவலாக நான் நின்றேன். மேடைக்கு எதிரே எனக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்ததாம். டாக்டர்கள் எழுந்து நின்றார்களாம். கட்டுப்போட்ட முழங்காலோடு வாத்தியார் வந்து எனக்கு விவரித்தார்.

மறுநாள் விடிந்ததும் தாங்கள் பையோடு பஸ் ஏறிவிட்டீர்கள். நியாயப்படி பாதிக்கப்பட்டவன் நான். ஆனால் இந்த வீட்டில் தீர்ப்பு என்ன தெரியுமா? தங்கள் மகள் சாப்பாட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, “மாமா, எடுத்துப் போட்டுக்கோங்க” என்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. தங்கள் மாப்பிள்ளை, நான் பெற்ற பிள்ளை, ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே அறைக்குள் போகிறான். மனைவியோ அன்றிலிருந்து ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “ஒரு வருஷமா சிரிக்காத மனுஷன் நம்ம வாசல்ல உட்கார்ந்து சிரிச்சாரு. விழா போனா போகட்டும். அது திரும்ப வருமா, சொல்லுங்க.” வண்டியைப் பறிகொடுத்தவன், விழாவைப் பறிகொடுத்தவன், ரோடு கழுவ ஆள் பிடித்தவன் எல்லாம் நான்; அனுதாபம் முழுவதும் தங்களுக்கு. கோர்ட்டில் எத்தனையோ அநியாயத் தீர்ப்புகளைப் பிரதி எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றை எடுத்ததில்லை.

ஆகவே இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம். வந்தாலும் எந்தப் பொருளையும் தொட வேண்டாம். தொட்டாலும் அதற்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டாம். மெக்கானிக் வேறு தட்டு மாட்டிவிட்டார், அதில் ஓட்டை கிடையாது. டிஃபரென்ஷியலில் தாங்கள் வைத்த திருகை மட்டும் அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் கேட்க வேண்டாம்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், சத்தான ஆகாரமும், கைகளுக்கு வேறு வேலையும் கிடைக்கப் பிரார்த்திக்கும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: மேலே “வர வேண்டாம்” என்று கண்டுள்ள இடத்தில் “வரவும்” என்று திருத்தி வாசிக்கவும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்காக அதற்குள் இறங்கிக் குவளையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, ஈர உடம்போடுதான் இதை எழுதி முடித்தேன். அதற்கும் அடியில் வடிய வழி கிடையாது. துளை போடும் மிஷினை மறக்காமல் எடுத்து வரவும். மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி விரிப்பு மாற்றியாயிற்று, நான்தான் மாற்றினேன். தாங்கள் தொட்டியில் வேலை செய்யும்போது ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.