விற்பனைக்கு இல்லை

ஆரணி ஆற்றின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யானாலும் அந்த ஆறு வற்றிப் போகட்டும். கோடையில் அது வற்றுவது வேறு காரணத்தால்.

பொன்னேரியில் லோகநாதன் தம் வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அந்தப் பலகையில் அக்கறை காட்டியவை ஓர் ஆடும் இரண்டு குருவிகளும்தான். ஆடு கயிற்றைத் தின்றது. குருவிகள் பலகைக்குப் பின்னால் குடியேறின.

லோகநாதனுக்கு அவசரம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. அவர் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி அவருக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தது. தை பிறப்பதற்குள் குடும்பத்தோடு வந்து சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். மனைவி ரத்னாவோ பொன்னேரி வீட்டை விற்காமல் நகரமாட்டேன் என்றாள். பூட்டிய வீட்டில் முதலில் பாம்பு குடிவரும், பிறகு பங்காளி குடிவருவான், பாம்பையாவது விரட்டலாம் என்பது அவள் கட்சி.

ரயில் நேரத்துக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் ஜென்மப் பகை. எனவே லோகநாதன் கும்மிடிப்பூண்டியில் தங்கி மெஸ்ஸில் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தார். மெஸ் சாம்பாரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. இடுப்பு பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைகளை மட்டும் காட்டுவார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மார்கழியில் எவனும் வீடு வாங்கமாட்டான். ஆகக் கார்த்திகைக்குள் காரியம் முடிய வேண்டும்.

முதலில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பார்க்க வந்தவர்கள், விரிசலை மறைத்திருக்கிறான் என்றார்கள். விரிசலே இல்லை என்று காட்ட ஓரிடத்தில் கடப்பாரையால் சுரண்டினார். அந்த இடத்தில் விரிசல் விழுந்தது.

அடுத்து, எதிர்வீட்டுத் துளசிராமனிடம் யாராவது விசாரித்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார். துளசிராமன் தாராள மனசுக்காரர். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு பார்ட்டியிடம், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் தம் மூட்டுவலி போய்விட்டதாகவும், காற்றுக்கு விசிறியே வேண்டாமென்றும் அரை மணி நேரம் சொன்னார். பார்ட்டி யோசித்தது. இவ்வளவு நல்ல வீட்டை ஒருவன் ஏன் விற்கிறான் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறியது.

அதன் பிறகுதான் வீட்டுத் தரகர் துலுக்காணம் வந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வாசலுக்கு வந்து பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சார், பொண்ணு பாக்க வரசொல்ல, பொண்ணு வாசல்ல நின்னுகினு என்னியக் கட்டிக்கோன்னு கூவுமா?"

"கூவாது."

"உங்க ஊடு ஆறு மாசமா கூவிக்கினு கீது."

பலகையில் 'இல்லை' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதச் சொன்னார் துலுக்காணம். நம் ஜனங்களுக்குக் கிடைக்கிற பொருள் மேல் ஆசை வராது. கிடைக்காததன் மேல்தான் வரும். கேட்டு வருகிறவனிடம் இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை அரை மனசாகத் தலையாட்ட வேண்டும். இந்த யோசனைக்குக் கமிஷனே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

'வீடு விற்பனைக்கு இல்லை' என்று மாட்டிய அன்று மாலையே வாசலில் கூட்டம். புதையல் இருக்கிறது என்றார் ஒருவர். இந்த வழியாகத்தான் கம்பெனி ரோடு வரப்போகிறது என்றார் இன்னொருவர். பால்காரர் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, மண்ணெண்ணெய் வாசனை அடிப்பதாகச் சொன்னார். ஏன் விற்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரத்னா அத்தனை பேருக்கும் மோர் கொடுத்து அலுத்தாள்.

கடைசியில் நிஜமாகவே ஒருவர் வந்தார். மோசஸ் என்று பெயர், புதிய ஆலை ஒன்றில் ஃபோர்மன். வீட்டைப் பார்த்தார், பிடித்துவிட்டது, கேட்டார்.

லோகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க நைனா கட்டுன ஊடு இது. உசுரு போனாலும் குடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தார். மோசஸோ தாம் ஒரு தடவை முடியாது என்றால் முடியாதுதான் என்று இருப்பவர். பிறரையும் அப்படியே நினைப்பவர். எழுந்து கைகூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க சார். நான் கேட்டதே தப்பு."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. மோசஸ் தெருமுனையைத் தாண்டிவிட்டார். லோகநாதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு தபா கேளுங்க சார் என்று கத்தியபடி ஸ்டேஷன் வரை ஓடினார். தம்மை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்த மோசஸ், நகர ஆரம்பித்த ரயிலில் தாவி ஏறிக்கொண்டார். தகப்பன் கட்டிய வீட்டை விலைக்குக் கேட்டதற்காக ஒரு மகன் ஸ்டேஷன் வரை துரத்தி வந்த கதையை ஆலை முழுக்கச் சொன்னார். அது ஒரே வாரத்தில் பொன்னேரிக்குத் திரும்பி வந்தது.

பஜார் வியாபாரிகள் கூட்டம் போட்டு லோகநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு அவர் மைக்கைப் பிடித்தார். நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை நான் என்றார். அந்த அடக்கத்துக்காக இரண்டு நிமிடம் கை தட்டினார்கள். அதோடு மைக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கௌரவத்தைப் பார்த்த தெரு சும்மா இருக்குமா? துலுக்காணம் வீடு வீடாகப் போய் யோசனை சொன்னார், எல்லாருக்கும் இலவசமாக. விற்க நினைத்தவர்கள் பலகை மாட்டினார்கள். விற்கும் எண்ணமே இல்லாத துளசிராமனும் மாட்ட வேண்டியதாயிற்று. அவர் மனைவி ஜானகியம்மாள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எல்லார் ஊட்லயும் போர்டு இருக்கசொல்ல நம்ம ஊட்ல மட்டும் இல்லன்னா, விக்கற நெலமைக்கு வந்துட்டோம்னு நெனைக்கமாட்டாங்க?"

கார்த்திகை முடிய நான்கு நாள் இருக்கும்போது மெட்ராஸிலிருந்து ஒரு முதலாளி காரில் வந்து இறங்கினார். கும்மிடிப்பூண்டியில் பட்டறை போடுகிறவர். குடியிருக்க உடனே வீடு வேண்டும். தெருவில் நடந்து ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தார். லோகநாதன் இந்தத் தடவை பிகு எதுவும் செய்யவில்லை. நடுத்தெருவில் போய் வழிமறித்தார்.

"வாங்க சார். ஊட்டப் பாருங்க. பிடிச்சா இன்னிக்கே எடுத்துக்கங்க."

முதலாளி பலகையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பொன்னாடை போர்த்தினார்களே, அந்த லோகநாதன் நீங்கள்தானா என்று கேட்டார். "என்னைச் சோதிச்சுப் பாக்குறீங்க. நான் அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்று கும்பிட்டுவிட்டு மேலே நடந்தார்.

ரத்னா பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அது பற்றி எரிவதற்குள் முதலாளி தெருக்கோடிக்குப் போய்விட்டார். அங்கே பலகை இல்லாத ஒரே வீடு இருந்தது. கடம்பத்தூரில் இருக்கும் தாயாரம்மாள் என்ற கிழவியுடையது. நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்து, கூரையில் பூசணிக்கொடி ஏறியிருந்தது. மூன்றாம் நாள் ரிஜிஸ்தர் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வாசற்படியில் உட்கார்ந்து பெல்ட்டில் இன்னோர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் போன மாதிரிதான். பழவேற்காட்டு மீன்காரி செங்கம்மாள் கூடையை இறக்கி ரத்னாவுக்கு இறால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம கதை கெடக்கட்டும், துலுக்காணத்த நெனச்சாதான் பாவமா கீது" என்றார் லோகநாதன். "தெருவுக்கே அலைஞ்சான். ஒரு பைசா பாக்கல."

செங்கம்மாள் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக்கு இன்னா பாவம்? தாயாரம்மா அவன் மாமியாரு."