மெஷின் மகானும் 11,047ஆம் எண்ணும்

மருத்துவமனையின் முதல் மாடி வராந்தாவில் அன்று எள் போட்டால் எள் விழாது. நோயாளிகள் கூட்டம் என்று நினைத்தால் தவறு. கண் டாக்டர் சார்ஜ் ஏறாத போனோடு நின்றார். ஆய்வகத்து அம்மணி மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர், வண்டியைத் தூக்க முடியாததால், சாவியை மட்டும் கொண்டுவந்தார். எல்லாரும் மெஷின் மகானுக்காகக் காத்திருந்தார்கள்.

மனிதர்களுக்குப் பேய் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் எந்திரங்களுக்கு ஓட்டுகிறவர். காலம் முன்னேறிவிட்டதல்லவா!

அவரை மறுபடி வரவழைக்கக் காரணம் ரத்த வங்கியின் புது சர்வர். அது வந்த புதிதில் ஆசீர்வாதம் செய்தவரும் அவர்தான். பன்னிரண்டாயிரம் ரத்த தானக்காரர்களின் விவரம் அதற்குள் இருக்கிறது. மூன்று வாரமாக அந்த டேட்டாபேஸ் காலையும் மாலையும் படுத்துவிடுகிறது. எழுப்பினால் எழும், மறுபடி படுக்கும். முந்தின நாள் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், அபூர்வ வகை ரத்தத்துக்காக நாற்பது நிமிடம் காத்துக் கிடந்தாள். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அடுத்து வருகிறவளுக்கு என்ன உத்தரவாதம்?

அந்தக் கேள்வி ஒருத்தியை அரித்துக்கொண்டே இருந்தது. எட்டு வருடமாக அந்தப் பட்டியலைக் கட்டிக் காத்தவள் அவள். எல்லாருக்கும் 'ரிஜிஸ்டர் அக்கா'.

மகான் வந்தார். சர்வருக்கு மேலே ஒரு செம்புக் குண்டை நூலில் தொங்கவிட்டார். குண்டு சுற்றியது. கூட்டம் மூச்சை அடக்கியது. நூலில் தொங்குகிற குண்டு சுற்றாமல் பாட்டா பாடும் என்று கேட்க ஆளில்லை.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல. அதுக்கு முன்னாடி உக்கார்றவங்க கையிலதான் இருக்கு."

அத்தனை கண்களும் அக்கா பக்கம் திரும்பின. நேற்றுவரை அவளிடம் சிரித்துப் பேசிய நர்ஸ்கூட ஓரடி தள்ளி நின்றாள்.

"சார், ரெண்டு நாள் குடுங்க. எங்க கோளாறுன்னு பாத்துச் சொல்லிடறேன்" என்றாள் அக்கா.

"பெரியவர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் சூப்பரின்டெண்ட். திங்கட்கிழமை முதல் அவளைப் பழைய பேப்பர் கிடங்குக்கு மாற்றி உத்தரவு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'கைராசி சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மெத்தப் படித்தவர்.

மகான் சர்வரைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டினார். மூன்று நாள் பத்தியமும் சொன்னார்: முழுப் பட்டியலை யாரும் எடுக்கக் கூடாது. மூன்று நாளும் சர்வர் படுக்கவில்லை. வராந்தாவில் கைதட்டல்!

அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடுதான் யோசித்தாள். காலையும் மாலையும் முழுப் பட்டியல் எடுக்கும்போதுதானே அது படுத்தது? ரத்த வங்கிக் குமாஸ்தாவைப் பிடித்தாள்.

"எப்பெப்பப் படுக்குதுன்னு உங்ககிட்ட அவர் கேட்டாரா?"

"டீ குடிக்கிறப்ப கேட்டாருக்கா. சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

மகானின் ஞானதிருஷ்டி டீக்கடையிலிருந்து வந்திருக்கிறது.

பட்டியலின் நகல் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டாகப் பிரித்தாள். முதல் பாதி ஓடியது. இரண்டாவது படுத்தது. படுத்த பாதியை மறுபடி இரண்டாக்கினாள். அப்படியே துரத்திக்கொண்டு போனாள். பதினாலாவது தடவை ஒரே ஒரு தானக்காரர் மிஞ்சினார். எண் 11,047.

சர்வர் தன் கோளாறுகளைத் தானே எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தாள். முதல் பிழை, மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழன், காலை பத்து பத்து. புது மெஷினை ஆசீர்வதிக்க மகான் முதன்முதலில் வந்த நேரம்! "மெஷினும் ஒரு மூச்சு விடணும்" என்று ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாரே, அதே நேரம். அக்கா அப்போது 11,047இன் விவரத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். எழுதுகிற கையைத் தட்டிவிட்டால் எழுத்து என்ன ஆகும்? சர்வர் உடனே எழுந்துகொண்டதால் யாரும் சந்தேகப்படவில்லை, அவளும்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான்.

திங்கட்கிழமை மகானுக்குப் பாராட்டு விழா. ரத்தம் கேட்டு யாராவது வந்தால் தவிக்கக் கூடாதென்று, சரிசெய்த நகலிலிருந்து பட்டியலை அச்சடித்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு அக்கா முன்னால் வந்தாள்.

"செம்புக் கம்பி அப்படியே இருக்கட்டும். நான் கிட்டவே வரல. ஐயா அவர் கையாலயே தட்டட்டும். எந்த எண் வேணா தட்டலாம், ஓடும். 11,047 தட்டினா படுத்துடும்."

மகான் சிரித்தபடி ஐந்து எண்களைத் தட்டினார். ஓடியது. ஆறாவதாக 11,047. சர்வர் படுத்தது.

"உன் பார்வை பட்டுடுச்சும்மா!"

"அப்ப நான் வெளிய போறேன்." அவள் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டாள். எழுப்பித் தட்டினார்கள். படுத்தது. சூப்பரின்டெண்ட் தன் ராசியான கையால் தட்டினார். அவருக்கும் படுத்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரும்பி வந்த அக்கா லாக் ஃபைலின் அச்சுப்படியை மேசையில் வைத்து, தேதியையும் நேரத்தையும் உரக்கப் படித்தாள். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் அன்றைக்கும் கைதட்டியவர்கள்தான்.

நகலில் முதலிலேயே சரிபார்த்து வைத்திருந்தபடி சிதைந்த வரியை நீக்கினாள். தானக்காரரின் காகிதப் படிவத்தைப் பார்த்து மறுபடி பதிந்தாள். செம்புக் கம்பியை அவிழ்த்துப் போட்டுவிட்டு முழுப் பட்டியலை ஓடவிட்டாள். பன்னிரண்டாயிரமும் ஓடின. திரும்பிப் பார்த்தால் மகானைக் காணோம். தன் தொழிலில் எப்போது பிளக்கைப் பிடுங்குவதென்று அவருக்குத் தெரியும்.

சூப்பரின்டெண்ட் மாற்றல் உத்தரவைத் தேடி எடுத்தார். "மன்னிச்சிடும்மா. அந்த உத்தரவக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"வேணாம் சார், குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள் அக்கா. "கண்ணாடி போட்டு மாட்டணும்."

மாட்டியும்விட்டாள். 'கைராசி சரியில்லை', கீழே முழுக் கையெழுத்து, பட்டங்கள் உட்பட. ரத்த வங்கிக்கு வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நீங்களும் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், யோசிக்காமல் நீங்கள் கையெழுத்துப் போட்டவற்றை எல்லாம் மாட்ட உங்கள் வீட்டுச் சுவர் போதுமா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.