எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்துவிட்டார்கள்

நியாயத்துக்காக நான் குரல் உயர்த்திய சந்தர்ப்பங்கள் பல. பெரும்பாலும், தோற்பது நிச்சயம் என்று தெரிந்த பிறகே உயர்த்துவேன். (ஜெயித்துவிட்டால் அடுத்து ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே!) ஒரே ஒரு முறை இது தப்பிப்போனது. சில வருடங்களுக்கு முன், ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், என் அக்காவுக்கு முன்னால்.

அக்கா தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. இரண்டு வயதில் போலியோ வந்தது. நாற்பது வயது வரை ஊன்றுகோலோடு நடந்தவள், தோள்கள் ஓய்ந்துபோனதும் மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கு மாறினாள். அதன் பிறகு அவளோடு வெளியே போனால் நான்தான் மூச்சு வாங்க ஓட வேண்டியிருந்தது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். ஹைதராபாத் வந்து இருபது வருடமாகியும் அவள் பேச்சில் ஊர் போகவில்லை. இந்த ஊரும் நடுநடுவே வந்து சேர்ந்துகொண்டது.

டிக்கெட் கொடுத்தவர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் ரயிலும் குதிரை ராட்டினமும் எங்கே இருக்கின்றன என்று அன்பாக வழி சொன்னார்.

"குதிரை நக்கோ, வேண்டாம்," என்றாள் அக்கா. "காலேஜ் டூர், ஆபீஸ் டூர் எல்லாத்துலயும் எல்லார் பையையும் மடில வச்சிக்கிட்டு கீழயே உக்காந்தாச்சு. இன்னைக்கு நான் அதுல போணும்ல."

'அது' ரோலர் கோஸ்டர். நானோ மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போடவே சுவரைப் பிடித்துக்கொள்பவன். இந்த ரகசியம் அக்காவுக்குத் தெரியாது என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன்.

"குதரது சார்," என்று வாசலில் நின்ற பெண் ஊழியர் முடியாதென்று கையை ஆட்டினார். என் வயிற்றில் பாலை வார்த்தார். பாதுகாப்பு உறுதியானதும் நான் பொங்கினேன்.

"எந்த விதியில் இருக்கிறது? எழுதிக் கொடுங்கள்!"

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருப்பவன். எழுதிக் கொடுங்கள் என்றால் எதிராளி டீ குடிக்கப் போய்விடுவார், விஷயம் மூன்று மாதம் தூங்கும். என் இருபது வருடச் சர்வீசில் யாரும் உடனே எழுதிக் கொடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில் இந்தியில் இன்னும் நாலு வாக்கியம் முழங்கினேன்.

மேலாளர் வந்தார். என்னைக் கண்டுகொள்ளாமல் அக்காவிடம் பேசினார். முதுகு நேராக நிற்குமா, கைக்கு வலு உண்டா, தானாக இருக்கைக்கு மாற முடியுமா என்று கேட்டார். அக்கா கைப்பிடிகளில் ஊன்றித் தன்னையே தூக்கிக் காட்டினாள். அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு திரும்பினார். அனுமதி உண்டு, உடன் வந்தவர் கட்டாயம் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். கையெழுத்து போட்டு, சீல் வேறு வைத்திருந்தார்கள்.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "என்னல, மூஞ்சி வெளுத்துட்டு? பயமா இருந்தா சொல்லிரு. போயிரலாம்."

கேலி இல்லை, நிஜமாகவே சொன்னாள். காகிதத்தை மடிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பயமா? எனக்கா?" என்றேன். காகிதத்தை அவளிடமிருந்து வாங்கி வாசலில் நீட்டினேன்.

வெளியேறும் வழியில் இருந்த சரிவுப் பாதையில் நாற்காலி ஏறியது. நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே தன் பலகையைப் போட்டு அக்கா அரை நிமிடத்தில் நகர்ந்துவிட்டாள். நான் பெல்ட் போட அதைவிட அதிக நேரம் ஆயிற்று. சவாரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நான் பார்க்கவில்லை. அக்கா கூவினாள். நானும் கத்தினேன், எங்கள் ஊர்ச் சாஸ்தாவின் பெயரை.

வண்டி நின்றது. இறக்கிவிடும் பக்கத்தில், நாங்கள் ஏறியதைப் பார்க்காத வேறு இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: தலை கலைந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பெண்மணி. இறங்கிய வேகத்தில் முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்ட ஓர் ஆண். பக்கத்திலேயே காலியாக ஒரு சக்கர நாற்காலி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். என்னை அலாக்காகத் தூக்கி அதில் வைத்து, பட்டையையும் மாட்டிவிட்டார்கள். எனதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ஒருவர் என் தலைக்கு மேலாக அக்காவைக் கேட்டார்: "மேடம், சார்கி மாட்டலு வஸ்தாயா?"

பேச வருமா என்று. நான் அங்கேயேதான் இருந்தேன், ஆனால் என்னைக் கேட்கவில்லை. ஹோட்டல்களில் "மேடத்துக்கு என்ன?" என்று என்னிடம் கேட்பார்கள், நானும் அவளைக் கேட்காமலே "ரெண்டு இட்லி" என்பேன். எத்தனை முறை! அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. மிகவும் வெட்கமாக இருந்தது.

அக்கா தெலுங்கில் பதில் சொன்னாள். பேச்சு வருமாம், கொஞ்சம் சத்தம் போடுவானாம், மற்றபடி சாதுவாம். பிறகு, சார் தெளிகிற வரைக்கும் தான் இன்னொரு சுற்று போய்வருவதாகச் சொன்னாள். உடன் ஒருவர் வேண்டுமே? வாசலில் முடியாதென்று கையாட்டிய அதே பெண் ஏறி உட்கார்ந்தார். இருவரும் கூவிக்கொண்டே போனது கீழே என் காதில் விழுந்தது.

இப்போது ஹோட்டலில் யாராவது மேடத்துக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டால், நான் அவளைக் கை காட்டுகிறேன். அவள் தனக்கு நிதானமாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "சாருக்கு ரெண்டு இட்லி. சத்தம் போடுவாரு, மத்தபடி சாது," என்கிறாள்.

எனக்குப் பூரிதான் வேண்டியிருக்கும். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறேன்.