மருமகள் அறை ஜன்னல்

அலிபிரி ரோடு,
திருப்பதி.
12-9-1983

மதிப்பிற்குரிய சம்பந்தி பச்சையப்பன் அவர்களுக்கு,

வேதாச்சலம் வணக்கத்துடன் எழுதுவது. ஏழுமலையான் காலடியில் நாங்கள் மூன்று பேரும் சுகம். சூளூர்பேட்டையில் தாங்களும், சம்பந்தியம்மாளும், எங்கள் மருமகள் தாட்சாயணியும் அப்படியே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லாமல் இருந்தது ஜன்னல் ஒன்றுதான். அதுவும் தேறிவிட்டது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

ஆடிக்குத் தாய் வீடு போன பெண் ஆவணி பிறந்ததும் திரும்பிவிடுவாள் என்றுதான் இருந்தோம். ஆவணி முடிய இன்னும் நாலே நாள். தாங்கள் எழுதிய கார்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. 'பிள்ளைகள் அறை ஜன்னலுக்கு ஒரு மறைப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்று பெண் அபிப்பிராயப்படுகிறாள். ஆனால் வெளிச்சம் குறையக் கூடாது, தபாலில் பி.ஏ. படிக்கிறாள். அது ஆனதும் அனுப்பி வைக்கிறோம்.' இவ்வளவுதான். கோபமாக ஒரு பக்கம் எழுதியிருந்தால் நானும் ஒரு பக்கம் பதில் எழுதிவிடுவேன். மரியாதையாக மூன்று வரி எழுதினால் மனுஷன் என்ன செய்வது? கார்டு வந்த நாளிலிருந்து என் மகன் கோவர்த்தனன் ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறான். "ரெண்டு வாய் துன்னுடா" என்று கமலம்மா தட்டை வைத்தால், "பசிக்கலம்மா" என்கிறான். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு ஜன்னலால் ஒரு குடித்தனம் நின்றுபோகுமா? ரேணிகுண்டா பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் காணாமல்போன மூட்டைகளைத் தேடிக் கொடுத்தவன் நான், ஒரு ஜன்னலுக்கா தோற்றுப்போவேன் என்று இறங்கினேன்.

தப்பு எங்கள் பேரில்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த அறை ரோட்டை ஒட்டினாற்போல இருக்கிறது. மலைக்கு நடந்து போகிறவனும், மொட்டையடித்துக்கொண்டு இறங்கி வருகிறவனும் எங்கள் ஜன்னலோரமாகத்தான் போக வேண்டும். சும்மா போனால் பரவாயில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, அலிபிரி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவான். ஜன்னலைச் சாத்தினாலும் கண்ணாடிக் கதவு, உள்ளே எல்லாம் தெரியும். பலகை அடித்துவிடலாம் என்றால் வெளிச்சம் போய்விடும், பெண் படிக்க வேண்டும்.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். மைதாப் பசை காய்ச்சி, தெலுங்குப் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டினேன். உள்பக்கம் கம்பி தடுத்ததால் வெளிப்பக்கம் ஒட்டினேன், அதுதான் வினையாகப் போயிற்று. வெளிச்சம் பழுப்பாக வந்தாலும் வந்தது, ஆனால் போகிறவர்களெல்லாம் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு ரோட்டோடு போய்க்கொண்டிருந்த தலைகள் இப்போது கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றன. ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்க, வாசலில் ஒரு வாசகசாலையே நடந்தது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் கதவைத் தட்டி, "ஐயா, பேப்பர் எப்புடு மாருஸ்தாரு?" என்று கேட்டார். எப்போது மாற்றுவீர்கள் என்கிறார். ஒரே பேப்பரை மூன்று நாளாகப் போட்டிருக்கிறேனே என்று அவருக்கு வருத்தம். நானும் அசட்டுத்தனமாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நாலாம் நாள் மலைக் குரங்குகளுக்குப் பசையின் ருசி தெரிந்துவிட்டது, ஒரு துண்டு விடாமல் உரித்துத் தின்றுவிட்டுப் போயின.

அடுத்து, நகரியில் தறி வைத்திருக்கும் என் தம்பி நாகபூஷணத்துக்கு எழுதி, வெளிச்சம் ஊடுருவுகிறமாதிரி மெல்லிய துணியாக அனுப்பச் சொன்னேன். அவன் துண்டு நெய்கிறவன், ஆகவே துண்டாகவே அனுப்பினான். நாலு துண்டை ஜன்னல் முழுக்கத் தொங்கவிட்டு நான் பால் வாங்கப் போனேன். புதுசாக மொட்டையடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி வருகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் கமலம்மா நாலு துண்டையும் விற்றுவிட்டாள். "வூட்டு வாசல்ல வந்து கேட்டுக்கினு நிக்கிறாங்க, இல்லேன்னு எப்படிங்க சொல்றது?" என்று என்னையே கேட்கிறாள். மறுபடியும் ஜன்னல் வெறும் கண்ணாடியாக நின்றது.

மூன்றாவதுதான் பெரிய கதை. ரங்கையா என்று ஒரு கண்ணாடி வேலைக்காரர் இருக்கிறார், தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அவர் காருக்கு ஒட்டுகிற பளபளப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "இது ஒட்டினா நீங்க ரோட்டைப் பாக்கலாம், ரோடு உங்களைப் பாக்காது, சூடண்டி, நீங்களே பாருங்க" என்று ஒட்டிக்கொடுத்தார். சொன்னது சத்தியம். உள்ளே வெளிச்சம் வந்தது, எங்களை யாரும் பார்க்க முடியவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. மலையில் மொட்டையடித்துக்கொண்டவன் தன் தலையைத் தானே இன்னும் பார்க்கவில்லை அல்லவா, வழியில் கிடைத்த முதல் கண்ணாடி எங்கள் வீட்டு ஜன்னல். ஒவ்வொருவராக வந்து தலையைத் தடவிப் பார்ப்பதும், சந்தனத்தைச் சரிசெய்வதும், பல்லைக் காட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். உள்ளே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து கமலம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தமிழ்க்காரர் ஒருவர் வந்து நின்றபோது வாய் சும்மா இருக்கவில்லை. "காதுக்குப் பின்னால ஒரு கொத்து வுட்டுட்டாங்க, பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், ஒருவரும் இல்லை. காதுக்குப் பின்னால் தடவினார், ஒரு கொத்து இருந்தது. அப்படியே ரோட்டில் சாஷ்டாங்கமாக விழுந்து 'கோவிந்தா கோவிந்தா' என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் குடும்பத்தோடு வந்து ஜன்னலுக்குக் குங்குமப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் வரிசையில் நின்றது. இனி ஜன்னல் பக்கம் வாயைத் திறக்கக் கூடாது என்று கமலம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் விளக்கு வைத்த நேரத்தில் கடையிலிருந்து திரும்பி வரும்போது பார்க்கிறேன், அறைக்குள் கோவர்த்தனன் கல்யாணப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ரோட்டுக்கே சினிமா மாதிரி தெரிகிறது. பகலில் வெளியே வெளிச்சம், அதனால் உள்ளே தெரியவில்லை. இருட்டியதும் உள்ளே வெளிச்சம், அதனால் எல்லாமே தெரிகிறது. இது எங்களுக்குத் தோன்றாமல் ஒரு வாரம் ரோட்டுக்கு நாடகம் நடத்தியிருக்கிறோம். பிள்ளை உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றே தாளைச் சுரண்டி எறிந்தேன்.

கடைசியில் ரங்கையாவே ஒரு வழி சொன்னார். கீழ்ப்பாதிக்குத் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, மேல்பாதிக்குச் சாதாரணக் கண்ணாடி. போன வெள்ளிக்கிழமை போட்டுவிட்டார். இப்போது ரோட்டில் போகிறவன் நிழலாகத் தெரிகிறான், நாம் அவனுக்கு அதுவும் தெரிவதில்லை. இருட்டின பிறகும் நானே வெளியே நின்று சோதித்துவிட்டேன், நிழலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மேல்பாதி வழியாக வரும் வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்துக்கூடப் படிக்க முடிகிறது. ஆகவே புரட்டாசி பிறக்குமுன் நல்ல நாள் பார்த்துப் பெண்ணை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் வீடு அவள் இல்லாமல் நன்றாகவே இல்லை, இதை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

சம்பந்தியம்மாளுக்குக் கமலம்மாவின் அன்பு. தாட்சாயணிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அவள் பரீட்சை நல்லபடியாக நிறைவேற வேண்டும். வேங்கடவன் எல்லோருக்கும் துணை இருப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
வேதாச்சலம்

பின்குறிப்பு: காலையில் இதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது தாட்சாயணியே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். தாங்கள் மில்லுக்குப் போயிருந்ததால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாளாம், தாங்கள் பதற வேண்டாம். பெட்டியும் புத்தகமும் எல்லாம் கொண்டுவந்திருக்கிறாள். நான் பெருமையாக ஜன்னலைக் காட்டினேன். மங்கல் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் கீது மாமா. ஆனா நான் அப்பா கையில சொன்னது இந்த ஜன்னல் இல்ல" என்று, அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ஜன்னலைக் காட்டினாள். எங்கள் கூடத்துக்குத் தனியாக வெளிச்சம் கிடையாது, அந்த நடு ஜன்னல் வழியாக வருவதுதான். வெளிச்சம் குறையக் கூடாது என்று அவள் சொன்னது இந்தக் கூடத்துக்காகத்தானாம், படிப்பைச் சேர்த்து எழுதியது தாங்களாம். அதனால் என் நாற்காலி எப்போதும் அதை ஒட்டித்தான் கிடக்கும். காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சும்மா. "ரோட்ல போறவங்க பாத்துட்டுப் போய்க்கினே இருப்பாங்க மாமா. நீங்க போவவே மாட்டேங்கறீங்களே" என்றாள்.

சம்பந்தி, நான் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவனில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இந்த வயதில் இது உறைத்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கமலம்மாவோ, எனக்கு அப்பவே தெரியும் என்கிறாள். தாட்சாயணி, கையோடு தைத்துக்கொண்டு வந்த துணியை நடு ஜன்னலில் பாதி உயரத்துக்குக் கட்டிவிட்டாள், அதற்கு மேலாக வெளிச்சம் கூடத்துக்கு வருகிறது. நாற்காலியை நானே நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டேன், பேப்பர் நன்றாகப் படிக்க முடிகிறது. ரோட்டு ஜன்னலை, மலை தெரிகிறது, காற்று வருகிறது என்று விரியத் திறந்து வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

கல்யாணமான நாளிலிருந்து ஆடி வரைக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் அலிபிரிப் படிக்கட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு மெதுவாகத்தான் திரும்புவார்கள். இந்தக் காலத்தில் இவ்வளவு பக்தியா என்று நான் ரேணிகுண்டா வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அவர்கள் போகவில்லை.