வரிசை எண் ஒன்றின் முதுகெலும்பு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் படுத்தபடியே எழுதிக்கொண்டது. அங்கே எல்லோரும் குனிந்து நிமிர்ந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நிமிர்ந்து மூன்று வாரமாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்க மறுக்கிறது.

தாங்கள் வரும் சனிக்கிழமை கட்டாயம் இங்கே வந்து, தங்கள் தங்கையை நாலு வார்த்தை கண்டிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறாள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

போன மாதம் பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கினோம். நான் ஏணியில் நின்று தள்ளினேன், அவள் கீழே நின்று வாங்கினாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தனக்கும் பிடித்துக்கொண்டதாக அவள் சொன்னாள். சரி, ஸ்கேன் எடுக்கப் போகும்போது அவளுக்கும் எடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு அழைத்துப் போனேன். இருவர் படமும் தனித்தனி உறையில் வந்தன. உறையா அது! தொட்டால் கிழிகிறது. ஆவண அறையில் முப்பத்து நான்கு வருடம் ஒரு கோப்புகூட இடம் மாறாமல் காத்தவன் நான். அந்த உறைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பிரித்துக் கொட்டினேன். உறைகளைக் குப்பையில் போட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறது என்று அவள் கூப்பிட, போய் வாளியை வைத்துவிட்டு வந்து, அறிக்கையையும் படத்தையும் சேர்த்துப் பின் குத்தி, கெட்டியான பழுப்பு அட்டை போட்டேன். பெயர், வயது எல்லாம் மூலையில் எறும்பு அளவில் அச்சாகியிருந்தன. படத்திலும் அறிக்கையிலும் அதன் மேலேயே லேபிள் ஒட்டி, ‘வரிசை எண் 1: குடும்பத் தலைவர்’, ‘வரிசை எண் 2: துணைவியார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

டாக்டரிடம் நான் மட்டும் போனேன். அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது. டாக்டர் என் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இடது காலில் பக்கவாட்டில் கட்டை விரல்வரை சுரீர் என்று இழுக்குமே என்று கேட்டார். அதுவரை இழுக்கவில்லை. அவர் கேட்ட பிறகு இழுக்க ஆரம்பித்தது. படுக்கவைத்து என் காலைத் தூக்கினார். அது பாட்டுக்குக் கூரையைப் பார்த்து நின்றது.

"என்ன சார் இது, படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே!" என்றார்.

என் பொறுமையை ஒரு படித்த மனிதர் பாராட்டியது அன்றுதான். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு நடக்கச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அதை மூன்று வாரமாக வைத்துக்கொண்டேன். கழுத்துக்கும் பரவிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கழுத்துப் பட்டையும் வாங்கி மாட்டியிருக்கிறேன். இரண்டாம் எண் படத்தைப் பார்த்தவர், "பயப்பட ஒண்ணுமில்லை, வயசுக்கேத்த தேய்மானம். வலி இருந்தா நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார். ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னதை வீட்டுக்கு வந்ததும் படத்தைக் காட்டி அவளிடம் சொல்லிவிட்டேன்.

இனி அவள் செய்கிற கூத்தைக் கேளுங்கள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடு என்றால், போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் கேனைத் தூக்கிவிட்டு உதட்டைக் கடிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு என்றால் உட்காரமாட்டாளாம், நின்றுகொண்டேதான் சாப்பிடுவாளாம். ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கண்ணில் நீர் கட்டி நிற்கிறாள், அதையும் என்னைப் பார்த்து. எல்லாவற்றையும் பொறுத்தேன் மைத்துனரே, இதைத்தான் பொறுக்க முடியவில்லை: நான் நொண்டினால் அவளும் நொண்டுகிறாள்! அதே இடது கால்! முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய மனுஷனை இப்படியா கேலி செய்வது?

"ஏன் இப்படி நொண்டிக் காட்டுற?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க காட்டுறேன், அதுவா வருது" என்கிறாள்.

இன்று மாலை பிசியோ பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள். அவள் எதிரிலாவது என் மானம் போகாமல் இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோர் முதுகும் நேராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலியோடு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிசியோ பெண் என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னாள். அறையைச் சுற்றி மூன்று தடவை நடந்து காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தேநீர் கொண்டுவந்த தங்கள் தங்கையின் பாதம் தரையில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் நடங்க" என்றாள். தங்கள் தங்கையால் இடது கட்டை விரலைத் தூக்கவே முடியவில்லை. அந்தப் பெண் என் படத்தை எடுத்து, அதையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த லேபிளைச் சுரண்டினாள்.

"இவர் ஒட்டினா ஒட்டினதுதாம்மா. வெந்நீர்ப் பையை வெச்சுப் பிரிங்க" என்று தங்கள் தங்கைதான் யோசனை சொன்னாள்.

பிரித்ததும் அடியில் அச்சாகியிருந்தது: ‘பெண், வயது 58’. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு எந்தக் காலிலும் வலி இல்லை.

இன்று காலையிலேயே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். விரலில் பலம் குறைந்திருக்கிறதாம். ஆறு வாரம் எதையும் தூக்காமல் பார்த்துக்கொண்டால் தேறிவிடலாம், இல்லையென்றால் அறுவை சிகிச்சை என்றார். வாசலுக்கு வந்ததும், "வலிக்குதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேனே. நீங்க படத்தைக் காட்டினீங்க" என்றாள். மூன்று வாரம் அவள் நொண்டியதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இப்போது கட்டிலில் அவள். கேனும் வாளியும் என் கையில்.

சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். கண்டிக்க வேண்டிய ஆள் மட்டும் மாறியிருக்கிறார். அவள் காதில் விழும்படி மட்டும் என்னைத் திட்டாதீர்கள். சிரித்துவிடுவாள். சிரித்தால் அவளுக்கு இடுப்பு வலிக்கிறது.