ஆகாயத்துக்குப் போன சாம்பார்

நான் நாலாவதோடு படிப்பை முடித்தவன். ஆனாலும் ராபர்ட்சன்பேட்டையில் ஒரே அடுப்போடு மெஸ் ஆரம்பித்து, ஒரு வேளைக்கு நானூறு பேருக்குச் சோறு போடும் அளவுக்கு வளர்ந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்குப் போய்விட்டது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. பெங்களூரில் இறங்க வேண்டிய ஒரு தனியார் குட்டி விமானம், பனிமூட்டத்தால் எங்கள் ஊருக்கு வெளியே இருந்த பழைய ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. உள்ளே ஒரு பெரிய முதலாளியும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும். பெங்களூர் வேலை கெட்டதால் நேரே பம்பாய்க்கே திரும்புவதாக முடிவு. வழியில் சாப்பிட ஒன்றும் இல்லை. சுரங்கக் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் சீனிவாசன் சார் ஜீப்பில் என் மெஸ்ஸுக்கு ஓடி வந்தார்.

"இன்னாப்பா, ஆறு பேருக்கு டிபன், ஒரு மணி நேரத்துல வேணும். மொதலாளி வாயால நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரட்டும். கெஸ்ட் ஹவுஸ் காண்ட்ராக்ட் உனக்குத்தான்."

(அந்தக் காண்ட்ராக்டுக்காக இரண்டு வருடம் அவர் பின்னாலேயே நாயாக அலைந்தவன் நான்.)

இட்லி, வடை, பொங்கல் தயார். சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்குவாளியில் ஊற்றினேன். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டு போடும் ஆட்டத்தில் சாப்பாடு சிந்தாமல் இருக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. சைக்கிள் ட்யூபை வெட்டி மூடிக்கு அடியில் வளையமாகக் கொடுத்து, மேலே கம்பியால் முறுக்கிக் கட்டுவோம். அந்தக் கட்டில் என்னை அடிக்க ஊரில் ஆள் கிடையாது.

ஓடுதளத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. பைலட் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"மூடிய லூசா வெக்கச் சொல்றாருப்பா," என்றார் மேனேஜர். "மேல போனா வெளிய காத்து கம்மியாயிடுமாம். உள்ள இருக்கறது தள்ளிக்கினு வருமாம்."

"சார், ரெண்டு மைல் ஆழத்துக்கு சாம்பார் அனுப்பிச்சவன் நானு. ஒரு சொட்டு சிந்தனதில்ல. எறங்கறதுக்கும் ஏறறதுக்கும் இன்னா சார் பெரிய வித்தியாசம்?"

கூட வந்திருந்த என் மனைவி கமலா காதோரம் சொன்னாள்: "இன்னாங்க, அவுரு தெனம் மேல போறவரு. சொன்னா கேளுங்களேன்."

"அவுரு ஓட்டறவரு. நான் கட்டறவன். நீ சும்மா இரு."

லூசாக்கிவிட்டேன் என்று தலையாட்டினேன். பைலட் அந்தப் பக்கம் திரும்பியதும் கம்பியை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினேன்.

விமானம் கிளம்பியது. சாம்பார் கட்டுவது எப்படி என்று கூட்டத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். வானத்தில் மறுபடியும் சத்தம். போன விமானம் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? இன்னும் கேக்கறாங்க!" என்று மிச்சமிருந்த இட்லியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவு திறந்தது. முதலில் பைலட் இறங்கினார். தோளில் ஒரு முருங்கைக்காய். முன் கண்ணாடியும் அதன் கீழே இருந்த கடிகார முட்களும் தெரியாத அளவுக்குச் சாம்பார். அவர் எப்படித்தான் இறக்கினாரோ! பின்னால் முதலாளி. காலையில் வெள்ளையாக இருந்த சட்டை இப்போது துவரம்பருப்பு நிறம். மூக்குக்கண்ணாடியில் கறிவேப்பிலை.

யார் கட்டியது என்று கேட்டிருப்பார் போல. மேனேஜர் என்னைக் காட்டினார். என்னைச் சுற்றி நின்றவர்கள் நாலடி நகர்ந்து கொண்டார்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, ஏதோ சொன்னார்.

"ருசி நல்லா இருக்காம்," என்றார் மேனேஜர், செத்த குரலில்.

"அப்ப காண்ட்ராக்ட் சார்?"

"யோவ், மொதல்ல பக்கெட்டுல தண்ணி கொண்டாய்யா!"

கமலாவும் நானுமாக விமானத்தைக் கழுவிக் கொடுத்தோம். கெஸ்ட் ஹவுஸ் காண்ட்ராக்ட் பூதிகோட்டைக்காரர் ஒருவருக்குப் போனது. போகட்டும். பறக்கிற விமானத்தைத் தரைக்குத் திருப்பிய சமையல்காரன் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர வேறு யார்?

இதை ஊரெல்லாம் சொல்வேன், வீட்டில் மட்டும் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் நான் குக்கர் பக்கம் கையை நீட்டினால் போதும், கமலா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "எல்லாரும் பெல்ட்ட மாட்டிக்குங்க, அவுரு தொறக்கப் போறாரு!"